பேரேடு கைமாறும்போது

தோவாளை தாலுகா ஆபீஸ் தோவாளையில் இல்லை, பூதப்பாண்டியில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. ஆனால் பட்டா மாறுதலுக்கோ வாரிசுச் சான்றிதழுக்கோ வெளியூரிலிருந்து முதல்முறை வருகிறவர் பெயரை நம்பிப் பூச்சந்தைப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவதுண்டு. ஆபீஸ் எங்கே என்று கேட்பார். பிச்சிப்பூவைத் தொடுத்துக்கொண்டிருக்கும் யாராவது தலை நிமிராமல் வடமேற்கே கைகாட்டுவார்கள். பெயர் ஓரிடத்தில், ஆள் ஓரிடத்தில். இரண்டையும் சேர்த்துச் சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

கம்ப்யூட்டர் வலைப்பின்னலில் அந்த விவரம் தெரிந்தவர்தான் டைரக்டரி சர்வர். ஒரு கல்லூரியில் இருநூறு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவி ஒருத்தி மூன்றாவது லேபில் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்து பெயரையும் பாஸ்வேர்டையும் அடிக்கிறாள். அந்தக் கம்ப்யூட்டருக்கு அவளைத் தெரியாது. அது டைரக்டரி சர்வரிடம் கேட்கிறது. 'இவளைத் தெரியும், இரண்டாம் ஆண்டு, இன்னின்ன ஃபோல்டரைத் திறக்கலாம், இந்தப் பிரிண்டரில் அச்செடுக்கலாம்' என்று பதில் வருகிறது. எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். அந்தப் பதில் வராத நாளில்தான் அப்படி ஒரு சர்வர் இருப்பதே பலருக்குத் தெரியவரும்.

டைரக்டரி என்பதைக் கோப்பகம் என்றும் அடைவு என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே ஃபோல்டரைத்தான் நினைவூட்டுகின்றன. எனக்குப் பிடித்த சொல் பேரேடு. பூக்கமிஷன் கடையில் அன்றன்றைக்கு வந்த பூவைக் குறித்துவைப்பது ஒரு நோட்டு, பேரேடு வேறு. பேரேட்டில் விவசாயி ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அவர் போட்ட பூ, வாங்கிய முன்பணம், கழிவு, பாக்கி எல்லாம் அந்தப் பக்கத்தில் ஏறும். நோட்டு தொலைந்தால் ஒரு நாள் கணக்கு போகும். பேரேடு தொலைந்தால் கடைக்காரர் யார், விவசாயி யார் என்பதே தகராறாகிவிடும். பேரேடு தீர்ந்ததும் புதுக்கணக்குப் போடுவார்கள். பழைய பேரேட்டின் பாக்கி புதியதின் முதல் வரியாகும். சர்வர் மாற்றம் என்று நாங்கள் படும் பாடெல்லாம் இந்தப் புதுக்கணக்குதான். ஒரே வித்தியாசம், கடையைச் சாத்தாமல், வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே பேரேட்டை மாற்ற வேண்டும்.

ஏன் மாற்ற வேண்டும்? நான் போன இடமெல்லாம் நிர்வாகத்தின் முதல் கேள்வி இதுதான். "ஓடிக்கிட்டுதானே இருக்கு?" ஓடத்தான் செய்கிறது. நம் பக்கத்துக் கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், கூட்டுறவு அலுவலகங்கள் பலவற்றில் ஓடுவது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரி. அது தங்கியிருக்கும் இயங்குதளத்துக்கு ஆயுள் உண்டு. விண்டோஸ் சர்வர் 2003க்கான ஆதரவு 2015 ஜூலை 14இல் முடிந்தது. 2008க்கும் 2008 ஆர்2க்கும் 2020 ஜனவரி 14. 2012க்கும் 2012 ஆர்2க்கும் 2023 அக்டோபர் 10. 2016 பதிப்புக்குக் கெடு 2027 ஜனவரி 12. ஆதரவு முடிந்த மறுநாளும் பெட்டி ஓடும். அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான். ஓட்டை எப்படிப்பட்டது என்பதற்கு 2020இல் வெளிப்பட்ட 'ஜீரோலோகான்' ஓர் உதாரணம். நெதர்லாந்தின் செக்யூரா நிறுவன ஆய்வாளர் டாம் டெர்வூர்ட் கண்டுபிடித்தது. பாஸ்வேர்ட் எதுவும் தெரியாமல், பூஜ்யங்களை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பி, மொத்தப் பேரேட்டின் சாவியையும் பறித்துவிட முடிந்தது. ஆதரவு உள்ள பதிப்புகளுக்கு அந்த ஆகஸ்டிலேயே திருத்தம் வந்தது. ஜனவரியில் ஆதரவு முடிந்துபோன 2008 ஆர்2 வைத்திருந்தவர்களில், நீட்டிப்புக்குத் தனியாகப் பணம் கட்டாதவர்கள் திறந்த வாசலோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் பேரேட்டின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் சன் நிறுவனம் யூனிக்ஸ் கணினிகளுக்கு 'யெல்லோ பேஜஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக் குறி என்பதால் 'என்ஐஎஸ்' என்று பெயர் மாற்ற வேண்டிவந்தது. ஆனால் கட்டளைகள் இன்றும் 'ஒய்பி' என்றே தொடங்குகின்றன. பெயர் மாறினாலும் கூப்பிட்ட வாய் மாறுவதில்லை. 1988இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு எக்ஸ்.500 என்ற கனமான தரத்தை வகுத்தது. அதை எளிமையாக்கி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் கூட்டாளிகளும் 1993இல் எல்டாப் நெறிமுறையைத் தந்தார்கள். அதே ஆண்டில் நோவல் நிறுவனம் நெட்வேர் 4உடன் தன் டைரக்டரியை விற்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டிடம் அப்போது இருந்தது என்டி டொமைன். டொமைன் என்பது ஒரே பேரேட்டின் கீழ் வரும் வட்டாரம்; பேரேட்டை வைத்திருக்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். அதில் எழுதும் உரிமை ஒரே சர்வருக்குத்தான், மற்றவை நகல் வைத்திருக்கும். 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000உடன் ஆக்டிவ் டைரக்டரி வந்தது. எந்த சர்வரில் எழுதினாலும் மற்றவை வாங்கிக்கொள்ளும் என்ற ஏற்பாடு மைக்ரோசாஃப்டுக்கு அதில்தான் வந்தது. இதற்கு மேல் வரலாறு தேவையில்லை. இந்தக் கடைசி ஏற்பாடு மட்டும் நினைவில் இருக்கட்டும்; இடமாற்றத்தின் சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கிறது.

மாற்றுவதற்கு வழி இரண்டு என்பார்கள். இருக்கும் பெட்டியிலேயே புதிய இயங்குதளத்தை மேலே போட்டுவிடுவது ஒன்று. புதிய பெட்டியைப் பக்கத்தில் வைத்து, அதையும் அதே டொமைனில் இன்னொரு கன்ட்ரோலராகச் சேர்த்து, பேரேடு அதற்குள் தானாக நகலாகும்வரை காத்திருந்து, பொறுப்புகளை மாற்றிக் கொடுத்து, பழையதை முறையாக விடுவிப்பது இன்னொன்று. முதல் வழியில் செலவு குறைவு, ஒரே இரவில் முடியும். பாதியில் நின்றால் பேரேடும் பாதியில் நிற்கும். மைக்ரோசாஃப்டே டொமைன் கன்ட்ரோலருக்கு இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைக்கிறது. நானும் அந்தக் கட்சி. பழைய பெட்டியில் பத்து வருடத்தில் யார் யாரோ போட்டுவைத்த மென்பொருள், பாதி கழற்றிய ஆன்டிவைரஸ், எதற்கென்றே தெரியாத சர்வீஸ்கள் எல்லாம் இருக்கும். மேலே வெள்ளையடித்தால் ஈரம் போகாது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. எந்தப் புத்தகமும் அதைச் சொல்லாது, ஆனால் நம் ஊர்களில் அதிகம் நடப்பது அதுதான். "பழசைத் தூக்கிப் போட்டுட்டு, புதுசுல அதே பேர்ல டொமைன் உருவாக்கி, எல்லாரையும் மறுபடி சேர்த்திரலாம். ஒரு நாள் வேலை." ஒரு கல்லூரியில் எனக்கு முன்னால் வந்தவர் இப்படித்தான் செய்துவிட்டுப் போயிருந்தார். பெயர்கள் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தன. திங்கட்கிழமை காலை பேராசிரியர் ஒருவர் லாகின் செய்தார்; திரை துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. பன்னிரண்டு வருடத்து வினாத்தாள்கள், பாதி எழுதிய ஆய்வேடு, மகளின் கல்யாணப் படங்கள், எதுவும் இல்லை. "தம்பி, எல்லாம் போச்சா?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

போகவில்லை. எல்லாம் அதே டிஸ்கில்தான் இருந்தன. விஷயம் இதுதான்: ஆக்டிவ் டைரக்டரி ஒருவரை அவர் பெயரால் அறிவதில்லை. கணக்கு உருவாகும்போதே ஒவ்வொருவருக்கும் நீளமான ஓர் எண் விழும். எஸ்ஐடி என்பார்கள். அதன் முன்பகுதி டொமைனுக்கு உரியது, கடைசித் துண்டு ஆளுக்கு உரியது. ஃபோல்டருக்கு யார் உரிமையாளர், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், கம்ப்யூட்டரில் எந்த டெஸ்க்டாப் யாருடையது என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் எழுதப்படும். புது டொமைனில் அதே பெயரில் கணக்குத் திறந்தால், அதே பெயருள்ள வேறு ஆள் வந்து நிற்கிறார் என்றே பொருள். அண்ணாச்சி வீட்டுச் சாவியை, அவர் பெயர் தனக்கும் இருக்கிறது என்பதற்காக அடுத்த தெருக்காரர் கேட்டால் கொடுப்பார்களா? ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து பழைய டெஸ்க்டாப்பை மீட்டுக்கொடுக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது.

எங்கள் பக்கத்து மூத்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 'தண்டப்பேர்' என்றால் போதும். திருவிதாங்கூர் நிலவரிக் கணக்கில் வரி கொடுப்பவருக்குரிய பதிவு அது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. கொல்லம் ஆண்டு 1132. தலைநகர் திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் போனது. ஆட்சிமொழி மாறியது, உத்தரவு வரும் திசை மாறியது. ஆனால் தாலுகாவின் பெயரும் எல்லையும் அப்படியே நின்றன. வயல் யாருடையது என்பதை அன்றிரவு யாரும் புதிதாக எழுதவில்லை. எழுதியிருந்தால் மறுநாள் காலை நாஞ்சில் நாடு முழுக்க வெட்டுக்குத்துதான். பழைய பதிவுகளை வைத்துக்கொண்டே புதிய அரசு வரி வாங்கியது. மாற்றங்கள் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடந்தன. இன்றும் நாகர்கோவில் பக்கம் பழைய சொத்துக்கு வில்லங்கம் பார்ப்பவர்கள் மலையாளம் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். பத்திரத்துக்கு இங்கே 'ஆதாரம்' என்றுதான் பெயர். பன்னிரண்டு இலக்க அட்டை வந்த பிறகு 'ஆதாரத்தை எடுத்துட்டு வா' என்றால் எந்த ஆதாரம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2025 பொது விற்பனைக்கு வந்த நாளும் நவம்பர் 1தான், 2024இல். தற்செயல்தான், ஆனாலும் குமரிக்காரனுக்குக் கண்ணில் படாமல் இருக்குமா?

அந்த 2025க்கே நேரடியாகத் தாவிவிடலாமே என்றால், பழைய இடங்களிலிருந்து முடியாது. டொமைனுக்கும் அதன் மேலிருக்கும் ஃபாரஸ்டுக்கும் 'செயல்நிலை' என்று ஒன்று உண்டு. அந்த டொமைனில் இருக்கும் மிகப் பழைய கன்ட்ரோலர் எதுவோ அதற்கு மேலே செயல்நிலையை உயர்த்த முடியாது. 2025 கன்ட்ரோலர் சேர வேண்டுமானால் செயல்நிலை குறைந்தது 2016 ஆக இருக்க வேண்டும். 2012 ஆர்2 வைத்திருப்பவர் முதலில் நடுவே ஒரு 2016, 2019 அல்லது 2022ஐ வைக்க வேண்டும். பழையதை விடுவிக்க வேண்டும். செயல்நிலையை உயர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் 2025. பூதப்பாண்டிக்காரர் திருவனந்தபுரம் போக வடசேரியில் பஸ் மாறுவதுபோல. 2003 இன்னும் எங்காவது மூலையில் ஓடிக்கொண்டிருந்தால் நடுவே எதை வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. 2019க்கும் 2022க்கும் குறைந்தபட்சச் செயல்நிலை 2008. அதனால் 2003ஐ 2016ஓடு கைகோக்க வைத்து, பிறகுதான் மேலே ஏற முடியும்.

இதில் பலர் கால் இடறும் படி ஒன்று இருக்கிறது. பேரேட்டோடு கூடவே 'சிஸ்வால்' என்று ஒரு ஃபோல்டர் எல்லா கன்ட்ரோலர்களிலும் நகலாகிக்கொண்டே இருக்கும். லேபில் யூஎஸ்பியை அடைப்பது, எல்லாத் திரையிலும் கல்லூரிச் சின்னத்தை வைப்பது போன்ற கொள்கைகள் அதில்தான் இருக்கும். ஆரம்பத்தில் அதை நகலெடுத்தது எஃப்ஆர்எஸ் என்ற பழைய முறை. பிறகு டிஎஃப்எஸ்ஆர் வந்தது. 2003 காலத்தில் பிறந்த டொமைன், பெட்டி எத்தனை மாறியிருந்தாலும், யாராவது வேண்டுமென்றே மாற்றாதவரை எஃப்ஆர்எஸ்ஸிலேயே இருக்கும். 2019 பதிப்பில் எஃப்ஆர்எஸ் கிடையாது. அந்த டொமைனில் கன்ட்ரோலராகச் சேரவே மறுக்கும். மாற்றுவதற்கு நான்கு நிலைகள்: தொடக்கம், ஆயத்தம், திசைதிருப்பல், நீக்கம். மூன்றாவது நிலைவரை போய்விட்டுத் திரும்பி வரலாம். நான்காவதில் கால் வைத்தால் திரும்பும் வழி அடைந்துவிடும். அவசரப்படாமல் ஒவ்வொரு நிலையிலும் எல்லா கன்ட்ரோலரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று நகர்த்துவது என் பழக்கம். கேலி செய்வார்கள். செய்யட்டும்.

ஸ்கீமா விரிவாக்கமும் அந்த ஜாதிதான். பேரேட்டில் ஆளுக்கு எந்தெந்தக் கட்டங்கள் இருக்கலாம் என்பதைச் சொல்லும் அச்சுதான் ஸ்கீமா. 2008 ஆர்2இல் அதன் எண் 47, 2012 ஆர்2இல் 69, 2016இல் 87, 2019க்கும் 2022க்கும் 88, 2025க்கு 91. புதிய கன்ட்ரோலரைச் சேர்க்கும்போது 2012 முதலான பதிப்புகள் இதைத் தாமாகவே உயர்த்திக்கொள்ளும். உயர்ந்தது இறங்காது. அதற்கு முந்தைய நாள் எடுத்த பேக்கப் ஒன்று கையில் இருக்கிறதா, அதிலிருந்து மீட்டுப் பார்த்ததுண்டா என்று கேளுங்கள். பேக்கப் இருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். மீட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

எல்லா கன்ட்ரோலரும் சமம் என்று சொன்னேன். முழு உண்மை அல்ல. ஐந்து பொறுப்புகளை மட்டும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வகிக்க முடியும்: ஸ்கீமாவை மாற்றுவது, டொமைன்களைச் சேர்ப்பது நீக்குவது, புதிய கணக்குகளுக்கான எண்களைக் கட்டுக் கட்டாக மற்ற கன்ட்ரோலர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, நேரத்துக்கும் பாஸ்வேர்ட் மாற்றத்துக்கும் கடைசி வார்த்தையாக இருப்பது, பிற டொமைன் ஆட்களின் பெயர்க் குறிப்புகளைச் சரிபார்ப்பது. பழையது உயிரோடு இருக்கும்போதே இவற்றை எழுதி வாங்கிக்கொள்வது முறையான வழி. பழையது செத்துப்போனால் புதியது தானே பறித்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பறித்த பிறகு, யாரோ புண்ணியவான் பழைய பெட்டிக்கு பவர் சப்ளை மாற்றி மறுபடி ஓட வைத்துவிடக் கூடாது. எண் கட்டுகளைக் கொடுக்க இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு ஆளுக்கு ஒரே எண் விழும். வாரிசு பட்டம் கட்டிக்கொண்ட பிறகு காடேறியவர் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பது நம் கதைகளுக்குத் தெரியாததா?

நேரம் பற்றிச் சொன்னேன். கெர்பரோஸ் என்ற, எம்ஐடியில் பிறந்த அடையாளச் சோதனை முறைதான் இந்த வலைப்பின்னலின் காவலாளி. அது தரும் சீட்டில் நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். இரு தரப்புக் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் சீட்டு செல்லாது. ஓர் ஆடி மாதம். மேற்கேயிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிக் காற்று அடித்த அடியில் மரக்கிளை விழுந்து கரண்ட் போனது. கணவாய்க்கு அந்தப் பக்கம் முப்பந்தலில் அதே காற்றில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நாங்கள் மெழுகுவர்த்தியோடு. யூபிஎஸ் பேட்டரியும் காலை வாரிவிட்டது. கரண்ட் வந்ததும் பழைய சர்வர் எழுந்தது. உள்ளே மதர்போர்டில், ஐந்து ரூபாய் நாணயம் அளவிலான ஒரு செல் தீர்ந்துபோயிருந்தது. அதனால் அது பல வருடம் பின்னுக்குப் போய்த் தன்னைத் தயாரித்த காலத்தில் கண்விழித்தது. புதிய சர்வருக்கு இன்றைய தேதி. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் நின்றன. நகலெடுப்பு நின்றுபோனது, பாதிப் பேருக்கு லாகின் இல்லை. நான் இரண்டு மணி நேரம், பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைக் குடைந்தேன். லேப் உதவியாளர் பையன்தான் திரையின் மூலையைப் பார்த்து, "அண்ணாச்சி, இதுல என்ன, வருசம் தப்பா காட்டுது?" என்றான். மாற்ற வேலையில் இப்போது நான் முதலில் பார்ப்பது அந்த செல்லைத்தான். விலை ஐம்பது ரூபாய் வராது.

பேரேடு ஒழுங்காக நகர்ந்துவிட்டது, ஐந்து பொறுப்பும் மாறிவிட்டது என்றால் வேலையில் பாதி முடிந்தது. மீதிப் பாதி பேரேட்டுக்கு வெளியே இருக்கிறது. டைரக்டரியின் நோக்கமே பெயரைச் சொன்னால் இடத்தைக் காட்டுவது. ஆனால் மனிதர்கள் பெயரை நம்பாமல் இடத்தை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். வருகைப்பதிவுக் கைரேகைக் கருவியில் பழைய சர்வரின் ஐபி எண். ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் போகும் ஃபோல்டருக்குப் பழைய சர்வரின் ஐபி எண். நூலக மென்பொருளின் ஏதோ ஒரு கோப்பில், கணக்குப் பிரிவில் மேலாளர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டில். ஒவ்வொன்றும் ஒரு கண்ணிவெடி. அதிலும் ஜெராக்ஸ் மெஷினுக்கு இன்னொரு தொல்லை: பழையவை எஸ்எம்பி1 என்ற முறையில்தான் பேசும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சு நிரல் பரவியது அந்த வாசல் வழியாகத்தான். அதற்குப் பிறகு வந்த சர்வர் பதிப்புகளில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஸ்கேன் வரவில்லை என்பதற்காக அந்த வாசலை மறுபடி திறந்துவிடச் சொல்லி வற்புறுத்துவார்கள். மெஷினை மாற்றுங்கள், இல்லையென்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள் என்பேன். அந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வருவதில்லை.

"பழசை ஆஃப் பண்ணிரட்டா அண்ணாச்சி?" என்று அந்தப் பையன் தினமும் கேட்பான். "ரெண்டு வாரம் கெடக்கட்டு மக்கா" என்பேன். விடுவிப்பதற்கு முன்னால் பழையதன் நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிவிட்டு, யார் வந்து சத்தம் போடுகிறார்கள் என்று காத்திருப்போம். முதல் நாள் ஹாஸ்டல் மெஸ் வந்தது. மூன்றாம் நாள் தேர்வுப் பிரிவு. பதினோராவது நாள், அந்தக் கல்லூரியில் இருப்பதே எனக்குத் தெரியாத ஒரு ஜெனரேட்டர் கண்காணிப்பு அறை. சத்தம் வந்ததும் கேபிளைச் செருகிவிட்டு, குறிப்பிட்ட கருவியைப் பெயரைக் கேட்டுப் போகும்படி மாற்றிவிட்டு, மறுபடி உருவுவோம். இதை மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது. பேரேட்டில் நீக்கப்பட்டவர்களின் குறிப்பு 180 நாள்வரைதான் வைத்திருக்கப்படும். பழைய டொமைன்களில் 60 நாள். அதற்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்த கன்ட்ரோலர் திரும்பி வந்தால், செத்தவர்களை உயிரோடு கூட்டிக்கொண்டு வரும்.

பாஸ்வேர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. டொமைன் 2008 செயல்நிலைக்கு ஏறுவதற்கு முன் வைத்த பாஸ்வேர்டை அதன் பிறகு ஒருமுறைகூட மாற்றாத கணக்குகள் எல்லா நிறுவனத்திலும் சில இருக்கும். பெரும்பாலும் அவை ஆட்கள் அல்ல. ஏதாவது மென்பொருள் ஓடுவதற்காகத் திறந்த கணக்குகள். அவற்றுக்குப் பலமான ஏஇஎஸ் சாவி உருவாகியே இருக்காது. பழைய ஆர்சி4 சாவி மட்டும் இருக்கும். புதிய பதிப்புகள் ஆர்சி4ஐ ஒதுக்கிக்கொண்டே வருகின்றன. மாற்றம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கும் நேரத்தில் இவை ஒவ்வொன்றாக விழும். முன்கூட்டியே பாஸ்வேர்டை ஒருமுறை மாற்றினால் போதும், சாவி பிறந்துவிடும். மாற்றினால் எது நிற்கும் என்று தெரியாத பயத்தில்தான் பதினைந்து வருடமாக யாரும் தொடவில்லை.

இன்று பெட்டி என்பதே பெரும்பாலும் ஒரு பெரிய கணினிக்குள் இருக்கும் மெய்நிகர் கணினி. அதை அந்த நொடியிலேயே படம்பிடித்து வைத்து, பிசகினால் பழைய படத்துக்குத் திரும்பலாம். டொமைன் கன்ட்ரோலரில் இந்தச் சௌகரியம்தான் ஆபத்து. தன் பேரேட்டில் இத்தனையாவது மாற்றம்வரை எழுதியிருக்கிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருந்த ஒன்று, திடீரென்று போன வாரத்து நினைவோடு எழுந்தால், அதன் புதிய மாற்றங்களை 'ஏற்கெனவே வாங்கியாச்சு' என்று மற்றவை தள்ளிவிடும். வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே பேரேடுகள் மெல்ல விலகிக்கொண்டே போகும். 2012 பதிப்பிலிருந்து இதைக் கண்டுகொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது, அடியில் இருக்கும் மெய்நிகர் மென்பொருளும் அதற்கு ஒத்துழைத்தால்.

நகல் இருக்கிறதே என்று பேக்கப் இல்லாமல் காலம் தள்ளும் நிறுவனங்களுக்கு நான் எப்போதும் சொல்வது மெர்ஸ்க் கதை. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று அது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சு நிரல் தாக்கியபோது, அதன் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்களும் ஒன்றுக்கொன்று நகல் என்பதால் எல்லாம் சேர்ந்தே அழிந்தன. பேரேட்டுக்குத் தனியாக பேக்கப் எங்குமே கிடைக்கவில்லை. கடைசியில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் தப்பியிருந்தது தெரிந்தது. தாக்குதலுக்குச் சற்று முன்னால் அங்கே கரண்ட் போயிருந்தது! அங்கிருந்து இணையத்தில் அனுப்ப வேகம் போதவில்லை. கானா ஊழியருக்கு பிரிட்டன் விசா இல்லை. நைஜீரியாவரை ஒருவர் டிஸ்கை எடுத்துப்போய்க் கைமாற்ற, இன்னொருவர் அதை லண்டன் கொண்டுசேர்த்தார். 2018இல் வயர்ட் இதழில் ஆண்டி கிரீன்பர்க் இதை விரிவாக எழுதினார். நகல் வேறு, பேக்கப் வேறு என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை. எங்கள் ஊர் மின்வெட்டுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதுபோல் ஆயிற்று.

இவ்வளவு பாடு எதற்கு, எல்லாவற்றையும் மேகத்துக்கு ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். மின்னஞ்சலும் கோப்புகளும் ஏற்கெனவே அங்கே போய்விட்ட சின்ன அலுவலகங்களுக்கு அது நியாயமான வழிதான். லேபும் பிரிண்டரும் ஹாஸ்டலும் உள்ள இடத்துக்கு, இணையம் அறுந்த நாளில் பலருக்கு லாகின் கிடைக்காது என்பதை யோசிக்க வேண்டும். திறந்த மூல வழியும் இருக்கிறது. சாம்பா என்ற மென்பொருள் 2012 டிசம்பரில் 4.0 பதிப்போடு ஆக்டிவ் டைரக்டரி கன்ட்ரோலராகவே நிற்கக் கற்றுக்கொண்டது. லைசென்ஸ் செலவு கிடையாது. சிஸ்வால் ஃபோல்டரை மட்டும் நகலெடுக்கத் தெரியாது, அதற்கு நாமே வழிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது புதிய பேச்சும் அல்ல. அரசு நிறுவனமான எல்காட்டில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் மேஜைக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. பிறகு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு கூடவே வந்தது. மாணவர்கள் எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்பது வேறு கதை. சாம்பாவைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதை நிறுவப்போகும் பையன் வெளிநாடு போய்விட்டால் அடுத்து யார்? விண்டோஸுக்கும் அதே கேள்வி பொருந்தும். ஆனால் நாகர்கோவிலில் விண்டோஸ் தெரிந்த இன்னொருவர் கிடைத்துவிடுவார்.

செலவை மறைப்பவர்கள் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 2016 முதல் சர்வர் லைசென்ஸ், செயலியின் கோர் எண்ணிக்கைப்படி. குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். அதற்கு மேல், பயன்படுத்துபவர்களுக்கான அணுகல் லைசென்ஸ் தனி. பழைய பதிப்புக்கு வாங்கியது புதியதற்குச் செல்லாது. மதிப்பீட்டுத் தாளில் இந்த வரி விட்டுப்போய், பெட்டி வந்து இறங்கிய பிறகு நிர்வாகத்திடம் போய்த் தலையைச் சொறிந்த அனுபவம் எனக்கு ஒருமுறை உண்டு.

நான் கடைசியாகச் செய்த மாற்றம் தோவாளைக்குப் பக்கத்தில், அந்தப் பையன் வேலை பார்க்கும் கல்லூரியில். நடுவே ஒரு பஸ் மாறி, ஏழு வாரம் ஆனது. இருநூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர். ஒரு வகுப்புகூட நிற்கவில்லை. பழைய சர்வரை முறைப்படி கன்ட்ரோலர் பதவியிலிருந்து இறக்கினோம். டிஎன்எஸ்ஸில் அதன் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்து அழித்தோம். டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் பூட்டினோம். கைரேகைக் கருவிமுதல் ஜெனரேட்டர் அறைவரை எல்லாமே இப்போது பெயரைக் கேட்டுத்தான் போகின்றன. ஐபி எண்ணை எழுதி வைக்காதீர்கள் என்று எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை அனுப்பச் சொல்லி, அதுவும் போனது.

ஒரு மாதம் கழித்து யூபிஎஸ் பேட்டரி மாற்றுவதற்காகப் போயிருந்தேன். சர்வர் ரூமைத் திறந்தால், புதிய பெட்டியின் நெற்றியில் வெள்ளை ஸ்டிக்கர். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில், நல்ல கொட்டை எழுத்தில், யாரும் மறந்துவிடக் கூடாதே என்று ஐபி எண்ணை எழுதி ஒட்டியிருந்தான் அந்தப் பையன். கீழே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான்.